முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்! மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு முதல் 6 வாரங்கள்... வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. இனிமே அம்மா ரெஸ்ட் எடுத்தாப் போதும்!"

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து அம்மாவையோ அப்பத்தாவையோ வீட்டுக்கு அழைத்து வரும் பல குடும்பங்கள் இப்படித்தான் நினைக்கின்றன. ஆனால், ஆபரேஷன் தியேட்டரில் முடிந்தது பாதி வேலைதான். மீதிப் பாதி, வீட்டில் முதல் 6 வாரங்களில் நடக்க வேண்டியது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் அலட்சியம் இல்லை, பாசம்!

மண்டபத்தில் ஒரு மீனவர் வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்மா வருவதற்கு முன்பே கட்டிலில் புது பெட்ஷீட் விரித்தாகிவிட்டது. ஆபரேஷன் செய்த காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரண்டு பஞ்சுத் தலையணைகளும் தயார். வந்ததும் முழங்காலுக்கு அடியில் அவற்றை வைக்கிறார் மகள். கால் லேசாக மடங்கிய நிலையில் அம்மாவுக்கு வலி குறைகிறது. அப்படியே தூங்கிப்போகிறார். தண்ணீர் வேண்டுமா, சாப்பாடு வேண்டுமா, எல்லாம் கட்டிலுக்கே வருகிறது. "நீங்க எந்திரிக்காதீங்கம்மா, நான் எடுத்துத் தாறேன்" என்கிறாள் பேத்தி.

பிரச்னை அந்தத் தலையணையில்தான் தொடங்குகிறது.

மடங்கியே இருந்தால் மடங்கியபடியே இறுகும்

ஆபரேஷன் செய்த முழங்காலைச் சுற்றி வீக்கம் இருக்கும். காயம் ஆறும்போது உள்ளே தழும்புத் திசு உருவாகும். அந்த நாள்களில் கால் எந்த நிலையில் அதிக நேரம் இருக்கிறதோ, அந்த நிலையிலேயே இறுகப் பார்க்கும். தலையணை மேல் மடக்கி வைத்த கால், சில வாரங்களில் முழுதாக நீட்ட முடியாத காலாக மாறலாம். நீட்ட முடியாத கால் நடக்கும்போது குட்டையான கால் மாதிரி நடந்துகொள்ளும். நொண்டல் வரும், இடுப்பு வலிக்கும், அடுத்த முழங்காலுக்கும் பாரம் கூடும்.

அதனால் பிசியோதெரபிஸ்ட்கள் வலியுறுத்தும் முதல் விஷயம் இது: முழங்காலுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். ஒரு துண்டைச் சுருட்டி குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நின்று, தன் எடையிலேயே மெதுவாக நீளும். 5 நிமிடத்தில் தொடங்கி 10, 15 நிமிடம் வரை, ஒரு நாளைக்குச் சில முறை செய்யலாம். வலிக்கும். ஆனால், பிற்காலத்தில் நேராக நடக்க இந்த வலி தேவை.

முழுதாக நீள்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. கட்டிலில் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, முழங்காலுக்குப் பின்புறம் உங்கள் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாக உள்ளே போனால் இன்னும் நீட்ட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

'மூட்டையே கழற்றிடுவாங்களா?'

இந்த ஆபரேஷன் பற்றி இன்னும் பயம் இருக்கிறது. மூட்டை மொத்தமாகக் கழற்றி எடுப்பதில்லை. தொடை எலும்பின் கீழ்முனையிலும், கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பகுதியை மட்டும் சில மில்லிமீட்டர் செதுக்கிவிட்டு, அங்கே உலோக உறை பொருத்துவார்கள். நடுவே தேய்மானம் தாங்கும் பிளாஸ்டிக் தகடு இருக்கும். தசை, நரம்பு, தோல் எல்லாம் பழையவைதான். புது மூட்டை இயக்கப்போவது அந்தப் பழைய தசைகள். பயிற்சி தேவைப்படுவதும் அவற்றுக்குத்தான்.

இந்தியாவில் இந்த ஆபரேஷனைப் பரவலாகப் பேச வைத்தவர் முன்னாள் பிரதமர் வாஜ்பாய். பிரதமராக இருந்தபோதே, 2000 அக்டோபரில் இடது முழங்காலுக்கும், 2001 ஜூனில் வலது முழங்காலுக்கும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் அவருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. நியூயார்க்கிலிருந்து வந்து ஆபரேஷன் செய்தவர், இந்தியாவில் பிறந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத்.

அப்போது வசதியானவர்களுக்கான ஆபரேஷனாகத் தெரிந்தது, இன்று கடற்கரை ஊர்கள் வரை வந்துவிட்டது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம், செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை அப்போது 54,720 ரூபாய் என்றானது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் மூட்டு மாற்று சிகிச்சை இடம்பெற்றிருக்கிறது. ஆபரேஷன் கைக்கெட்டிவிட்டது. ஆனால், அதற்குப் பிறகான பயிற்சி எல்லோருக்கும் கைக்கெட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

150 கிலோமீட்டர் பயணம்

மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 40 கிலோமீட்டர். மதுரை சுமார் 150 கிலோமீட்டர். மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டவர் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய் பிசியோதெரபி எடுப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே பயிற்சிகளை நோயாளி மட்டுமல்ல, வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் கற்றுக்கொண்டு வர வேண்டும். பிசியோதெரபிஸ்ட் செய்து காட்டும்போது அனுமதி கேட்டு செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்வது ரொம்பவே உதவும்.

வீடு திரும்பும் பயணத்திலேயே பயிற்சி தொடங்குகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே வந்தால் ரத்தம் தேங்கி, கெண்டைக்கால் நரம்பில் உறையும் ஆபத்து உண்டு. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று மணிக்கொரு முறை வண்டியை நிறுத்தி, வாக்கரைப் பிடித்துப் பத்து, இருபது எட்டு நடக்க வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே வர வேண்டும்.

காரில் ஏறும்போது காலை முதலில் உள்ளே வைக்கக் கூடாது. சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளிவிட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாக உள்ளே எடுக்க வேண்டும். உயரமான படி உள்ள பஸ்ஸும், தாழ்வான ஷேர் ஆட்டோவும் முதல் சில வாரங்களுக்கு வேண்டாம்.

முதல் 2 வாரம்: எழுந்து நில், நீட்டு, மடக்கு

இப்போதெல்லாம் ஆபரேஷன் நடந்த அன்றோ, மறுநாளோ எழுப்பி நடக்க வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை எழுந்து சில நிமிடம் நடப்பது நல்லது.

வாக்கர் நடைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், அதற்குப் பிறகு நல்ல கால். குதிகால் முதலில் தரையில் படட்டும்.

கட்டிலில் செய்ய வேண்டிய எளிய பயிற்சிகள் நான்கு:

* பாத அசைவு: இரண்டு பாதங்களையும் மேலும் கீழுமாக அசைப்பது. மணிக்கொரு முறை பத்துத் தடவை. ரத்தம் உறையாமல் காக்க இது உதவும்.

* தொடை இறுக்கம்: காலை நீட்டி வைத்து, முழங்காலைக் கட்டிலோடு அழுத்துவது. மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பிடித்துவிட்டுத் தளர்த்த வேண்டும்.

* கால் தூக்குதல்: நல்ல காலை மடக்கி வைத்து, ஆபரேஷன் செய்த காலை மடக்காமல் ஓர் அடி உயரம் தூக்கி மெதுவாக இறக்குவது.

* குதிகால் இழுத்தல்: படுத்தபடி குதிகாலைத் தேய்த்துக்கொண்டே பிட்டத்தை நோக்கி இழுத்து, மறுபடி நீட்டுவது. குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டால் சுலபமாக வழுக்கும். பாதத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டு இழுத்தால் இன்னும் கொஞ்சம் மடங்கும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் 'இதெல்லாம் ஒரு பயிற்சியா?' என்று விட்டுவிடுவார்கள். ஆனால், ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் முன்தொடைத் தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வீக்கம் காரணமாக அந்தத் தசைக்கு மூளை தரும் கட்டளை மந்தமாகிவிடுகிறது. அதைத் தட்டி எழுப்பவே இந்த இரண்டும்.

எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதில் உங்கள் மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் எழுதிக் கொடுத்ததே இறுதி.

எத்தனை டிகிரி மடங்க வேண்டும்?

சமதளத்தில் நடக்க முழங்கால் சுமார் 65 முதல் 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 80 முதல் 90 டிகிரி வேண்டும். நாற்காலியிலிருந்து எழ 90-ஐத் தாண்ட வேண்டும். அதனால்தான் 2 வாரத்தில் 90 டிகிரியை நெருங்குவதும், 6 வாரத்தில் 110-ஐ எட்டுவதும் பொதுவான இலக்காக வைக்கப்படுகின்றன. ஆபரேஷனுக்கு முன்பே மிகவும் இறுகிப்போயிருந்த மூட்டுக்கு இது தாமதமாகலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டியதில்லை.

90 டிகிரியைப் பார்க்க அளவுகோல் வேண்டாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் முழுதாகப் பதிக்கச் சொல்லுங்கள். கீழ்க்கால் தரைக்குச் செங்குத்தாக நின்றால் அது 90. பாதம் முன்னால் தள்ளி நின்றால் இன்னும் வேலை இருக்கிறது.

பல வாரம் முயன்றும் மடங்கவில்லை என்றால், மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை உண்டு. ஆனால், அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் பலன் குறையும். 6 வாரத்தில் 90-ஐத் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டும்.

3 முதல் 6 வாரம்: வாக்கரிலிருந்து கைத்தடிக்கு

தையல் அல்லது கிளிப்பை வழக்கமாக 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதற்குப் பிறகு பலர் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறுகிறார்கள். இங்கே பலரும் செய்யும் தவறு, ஆபரேஷன் செய்த பக்கத்திலேயே தடியைப் பிடிப்பது. வலது காலில் ஆபரேஷன் என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் பிரியும். தடியின் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

படிக்கட்டுக்கு ஒரு வாசகத்தை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: 'ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.'

நடப்பதற்கு மணல் வேண்டாம். கடற்கரை ஊரில் வீட்டு வாசலே மணலாக இருக்கும். வாக்கரின் கால்கள் மணலில் புதையும், தடி சரியும். சிமென்ட் தரை, திண்ணை, தார்ச்சாலை ஓரம் எது சமமாக இருக்கிறதோ அங்கே வெயிலுக்கு முன் நடப்பது பாதுகாப்பு. மீன் கழுவிய ஈரத் தரையும், சுருண்டு கிடக்கும் வலையும் கயிறும் வழியில் இருக்கக் கூடாது.

டூ வீலர் ஓட்டுவதை மருத்துவர் அனுமதிக்கும் வரை, குறைந்தது 6 வாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டும்.

கக்கூஸ் முதல் கட்டில் வரை...

மீன் தரம் பிரிப்பது, கருவாடு காயவைப்பது, பாசி எடுப்பது என்று இந்தப் பகுதிப் பெண்களின் வேலைகளில் பாதி, குத்தவைத்தோ குனிந்தோ செய்வது. பல வீடுகளில் கழிப்பறையும் குத்தவைக்கும் வகைதான். புது மூட்டோடு முதல் வாரங்களில் குத்தவைக்க முடியாது. அதற்குப் பிறகும் பெரும்பாலான மருத்துவர்கள் அதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள். வெட்கத்தால் இதைக் கேட்காமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு தவிப்பவர்கள் உண்டு. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. வலி மாத்திரைகளால் ஏற்கெனவே மலச்சிக்கல் வரும். தண்ணீரும் குறைந்தால் அது இன்னும் கூடும்.

ஆபரேஷனுக்கு முன்பே செய்ய வேண்டிய ஏற்பாடு, நடுவில் ஓட்டை உள்ள கமோட் நாற்காலி. ஏற்கெனவே இருக்கும் கழிப்பறையின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். கூடவே சுவரில் ஒரு கைப்பிடி. பாயில் படுக்கும் பழக்கம் இருந்தால், கட்டில் ஒன்று தேவை. உட்காரும்போது பாதம் தரையில் படும் அளவு உயரம் இருக்க வேண்டும். கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலி ஒன்றும் வேண்டும்.

இது அவசர ஆபரேஷன் அல்ல, தேதியை நாமே யோசித்து முடிவு செய்யலாம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் ஆண்கள் கரையில் இருக்கும் காலம் அது. 6 வாரம் என்பது 42 நாள். அம்மாவைத் தாங்கிப் பிடிக்க, பயிற்சிக்கு எண்ணிச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கும் நாள்களாகப் பார்த்து மருத்துவரிடம் தேதி கேட்கலாம்.

வலி, வீக்கம், தூக்கம்

முதல் வாரங்களில் இரவுத் தூக்கம் கெடுவது சகஜம். 'ஏன்தான் செய்தோமோ' என்று சிலர் அழுவதும் உண்டு. முழங்கால் சூடாக இருப்பது, தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பது, நடக்கும்போது 'டக்' என்று சத்தம் வருவது எல்லாம் பலருக்கும் மாதக்கணக்கில் இருக்கும். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் பாதியாகும்.

மருத்துவர் தந்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முன் போட்டால் பயிற்சி சுலபமாகும். பயிற்சி முடிந்ததும் 15 முதல் 20 நிமிடம் ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். ஐஸுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஆனால், மீன் பெட்டி ஐஸ் வேண்டாம். சுத்தமான ஐஸைக் கசியாத கவரில் போட்டு, துண்டில் சுற்றி வைக்க வேண்டும். காயம் நனையக் கூடாது.

எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது கூடவே கூடாது. குறிப்பாகக் கெண்டைக்காலை. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். காயத்தின் மேல் பச்சிலை, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தவும் கூடாது.

சர்க்கரை நோய் இருந்தால் அளவு கட்டுக்குள் இருந்தால்தான் காயம் சீக்கிரம் ஆறும். தசை தேற மீன், முட்டை, பருப்பு நன்றாகச் சாப்பிடலாம். பி.பி இருப்பவர்கள் உப்பில் ஊறிய கருவாட்டைக் குறைத்துக்கொள்வது நல்லது.

சாமி கும்பிடலாம்... நாற்காலியில்!

ராமேஸ்வரம் பக்கத்திலேயே இருக்கிறது. 'ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் தீர்த்தமாட வருகிறேன்' என்ற வேண்டுதல் இருக்கலாம். 22 தீர்த்தங்களிலும் நீராடுவது என்றால் ஈரக் கல் தரையில் நீண்ட நேரம் நடக்க வேண்டும். காயம் முழுதாக ஆறி, தடியில்லாமல் தைரியமாக நடக்கும் வரை அதைத் தள்ளிப்போடுங்கள். கடல் குளியலும் அப்படித்தான். தொழுகையை நாற்காலியில் அமர்ந்தே நிறைவேற்றலாம். தேவாலயத்தில் மண்டியிடுவதற்குப் பதில் அமர்ந்து ஜெபிக்கலாம். மண்டியிடுவதும் சம்மணமிடுவதும் பிற்பாடு முடியுமா என்பது பொருத்திய மூட்டையும் தசையையும் பொறுத்தது. ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கே வரும் உதவி

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து சர்க்கரை, பி.பி மாத்திரை தருவதோடு, தேவைப்படுபவர்களுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பதும் இத்திட்டத்தில் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிக் கேட்கலாம். 104 என்ற எண்ணிலும் விவரம் பெறலாம். ஆனால், பயிற்சியாளர் தினமும் வர முடியாது. அவர் வராத நாள்களில் பயிற்சி நடப்பது வீட்டில் இருப்பவர்கள் கையில்தான்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

* கெண்டைக்காலில் திடீர் வீக்கம், அழுத்தினால் கடும் வலி
* காயத்திலிருந்து சீழ் அல்லது நிற்காத கசிவு, கூடிக்கொண்டே போகும் சிவப்பு
* குளிர் காய்ச்சல்
* கீழே விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமை
* மூச்சுத்திணறல், நெஞ்சு வலி: இவை வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்

அம்மா மேல் இருக்கும் பாசத்தை எப்படிக் காட்டுவது? அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வரை எண்ணுங்கள். முதல் நாள் எத்தனை எட்டு நடந்தார், இன்று எத்தனை எட்டு என்று காலண்டரில் குறித்து வையுங்கள். முழங்காலுக்கு அடியில் இருக்கும் தலையணையை எடுத்துவிடுங்கள். தண்ணீர்ச் செம்பைக் கட்டிலுக்குக் கொண்டுவராமல், நாலு எட்டு தள்ளி மேஜையில் வையுங்கள். அவர் வாக்கரைப் பிடித்து எழுந்து போய்க் குடிக்கட்டும். நீங்கள் பின்னால் ஒரு கை தூரத்தில் நில்லுங்கள், அது போதும்.